எங்கே நடுவது சிக்னல் கம்பத்தை?

விடியற்காலை நாலரை மணி. பழவேற்காடு பஜாரில் டீக்கடை அடுப்புதான் முதல் வெளிச்சம். ஏரிப் பக்கம் படகு இன்ஜின்களின் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக அடங்குகிறது. அடுத்த கால் மணி நேரத்தில் ஊரே ரோட்டுக்கு வந்துவிடும். ஏலம் எடுத்த எறாவையும் நண்டையும் ஐஸ் பெட்டியில் ஏற்றிக்கொண்டு குட்டியானைகள் ரிவர்ஸ் எடுக்கின்றன. ஷேர் ஆட்டோக்காரர் பொன்னேரிக்கு ஆள் கூப்பிடுகிறார். துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் ஷிஃப்டுக்குப் போகிற இளைஞர்கள் பைக்கை உறும விடுகிறார்கள். பாலத்துப் பக்கமிருந்து ஒரு கம்பெனி வேன் வருகிறது.

தலையில் அன்னக்கூடையோடு ஓர் ஆயா ரோட்டைக் கடக்க நிற்கிறார். கொஞ்ச நேரம் அவரையே பார்த்தால் ஒன்று புரியும். தலைச்சுமை எடுத்தவர்களால் கழுத்தைத் திருப்ப முடியாது. திரும்பினால் உடம்போடு திரும்ப வேண்டும். ஒரு கை கூடையில், இன்னொரு கை முந்தானையில். கூடையிலிருந்து சொட்டுகிற ஐஸ் தண்ணீர் புருவத்தில் இறங்கி கண்ணைக் கரிக்கிறது. ‘வலப்பக்கம் பார், இடப்பக்கம் பார், மறுபடியும் வலப்பக்கம் பார்’ என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்த பாடம் தலையில் சுமையில்லாதவர்களுக்காக எழுதியது. ஆயா காதால் ரோட்டைக் கடக்கிறார். லாரி எவ்வளவு தூரத்தில் இரைகிறது, பைக் கியர் மாற்றுகிறதா என்று கேட்டுக் கேட்டுக் கால் வைக்கிறார். சத்தமே போடாமல் வருகிற பேட்டரி ஸ்கூட்டர்கள்தான் இப்போது புதுத் தலைவலி.

“இருப்பா, ஆயா போவட்டும்!” யாரோ கையை நீட்டுகிறார்கள். குட்டியானை நிற்கிறது. பின்னால் வந்த பைக் நிற்கவில்லை, ஆயாவின் முழங்கைக்கும் வேனின் கண்ணாடிக்கும் நடுவில் நுழைந்து போகிறது. கூடையிலிருந்து ஒரு மடவை மீன் எகிறிக் கீழே விழுகிறது. ஆயாவால் குனிய முடியாது. வேறொருவர் எடுத்துக் கூடையில் போடுகிறார்.

“இங்க ஒரு சிக்னல் போட்டா என்னா?” என்ற பேச்சு பழவேற்காட்டிலும் மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் டீக்கடைக்கு டீக்கடை கேட்கிறது. கேட்க எளிய கேள்விதான். பதில் அவ்வளவு எளிதாக இல்லை.

ஒரே ரோடு, எல்லா வண்டியும்

இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தது. பெரும்பகுதி ஆந்திராவில், தென்முனை நம் திருவள்ளூர் மாவட்டத்தில். 17-ம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிச் சோழமண்டலக் கரை வணிகத்தையே இங்கிருந்து நடத்தினார்கள். அப்போது ஊருக்கு முகவாசல் கடல். இப்போது முகவாசல் ரோடு.

அந்த ரோடுகள் மொத்தமே இரண்டு மூன்று. பொன்னேரியிலிருந்து மெதூர், திருப்பாலைவனம் வழியாக வருவது ஒன்று. மீஞ்சூர்ப் பக்கமிருந்து காட்டூர் வழியாக வருவது இன்னொன்று. பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் போய், அங்கிருந்து கடலோரமாகவே கோரைக்குப்பம், களஞ்சி வழியாகக் காட்டுப்பள்ளிக்கு இறங்குவது மூன்றாவது. கடல் கொஞ்சம் சீறினால் இந்தக் கடலோர ரோட்டில் மணல் மூடிக்கொள்ளும். தார் எங்கே, கடற்கரை எங்கே என்று தெரியாது.

தெற்கே என்ன நடந்தது என்பது வட சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த கதை. எண்ணூர் துறைமுகம் 2001-ல் திறந்தது. காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013-ல் கன்டெய்னர் ஏற்றத் தொடங்கியது. வண்டலூரிலிருந்து கிளம்பும் வெளிவட்டச் சாலை மீஞ்சூரில் வந்து முடிகிறது. எண்ணூரிலிருந்து தச்சூர் வழியாக மாமல்லபுரம் வரை 130 கிலோமீட்டருக்கு மேல் இன்னொரு புறவட்டச் சாலை போடுகிறார்கள். நிலக்கரி, கார், கன்டெய்னர் எல்லாம் மீஞ்சூர், பொன்னேரி, தச்சூர் கூட்டுச்சாலை என்ற முக்கோணத்துக்குள்தான் சுற்றுகின்றன. பழவேற்காட்டு மீன் வண்டி சென்னைக்குப் போனாலும் கொல்கத்தா நெடுஞ்சாலைக்குப் போனாலும் இந்த முக்கோணத்தைத் தாண்டியாக வேண்டும்.

2022-ம் ஆண்டுக்கு மத்திய அரசு வெளியிட்ட கணக்கில், நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105. உயிரிழப்பு 17,884. உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். நல்ல திட்டம். ஆனால் அது அடிபட்ட பிறகு வருவது. ஆயாவுக்கு வேண்டியது அதற்கு முந்தின, ரோட்டைக் கடக்கிற ஒன்பது வினாடி.

பெட்டிச் செய்தி
எப்போது வைக்கலாம் சிக்னல்?

சிக்னல் வைக்கும் விதிகளை ‘ஐ.ஆர்.சி. 93’ என்ற பெயரில் 1985-ல் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வெளியிட்டது. அதன் முக்கிய அளவுகோல்கள்:

• ஒவ்வொரு பக்கமும் ஒரே தடம் உள்ள சந்திப்பில், பெரிய ரோட்டில் மணிக்குச் சராசரி 650 வண்டி, கிளை ரோட்டில் 200 வண்டி. எட்டு மணி நேரத்துக்கு இந்தச் சராசரி இருக்க வேண்டும்.
• அல்லது, மணிக்கு 600 வண்டி போகிற ரோட்டை மணிக்கு 150 பேர் நடந்து கடக்க வேண்டும். இதற்கும் எட்டு மணி நேரச் சராசரி.
• அல்லது, சிக்னல் இருந்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய விபத்துகள் 12 மாதத்தில் குறைந்தது ஐந்து பதிவாகியிருக்க வேண்டும்.
• நடப்பவரின் வேகம்: வினாடிக்கு 1.2 மீட்டர்.

எட்டு மணி நேரக் கணக்கு

மேலே உள்ள பெட்டியை ஒருமுறை பொறுமையாகப் படித்துவிட்டு, மறுபடி நாலரை மணி பஜாருக்கு வாருங்கள்.

மீன் ஊரின் நெரிசல் நகரத்து நெரிசல் மாதிரி ஒன்பதிலிருந்து ஆறு வரை பரவிக் கிடப்பதில்லை. விடியலில் இரண்டு மூன்று மணி நேரம் பொங்கி அடங்கிவிடும். அப்புறம் பள்ளிக்கூட நேரத்தில் ஒரு சிறு அலை. மத்தியானம் ரோட்டில் நாய் படுத்திருக்கும். ஒரு கணக்குக்காக, காலை மூன்று மணி நேரத்தில் 600 பேர் ரோட்டைக் கடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 200 பேர். விதி கேட்பதைவிட அதிகம். அதையே எட்டு மணி நேரத்துக்குப் பரப்பினால் மணிக்கு 75 பேர்தான். ஃபைல் அங்கேயே மூடப்படும். கணக்கெடுக்க வருகிறவர்கள் ஆபீஸ் நேரத்துக்கு, பத்து மணிக்கு வந்து நின்றால் அந்த 75-கூடத் தேறாது.

அலை வருகிற நாளும் மாறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. தடைக்காலத்தில் எடுத்த கணக்கில் ரோடு காலியாகத் தெரியும். மழைக்காலம் முடிந்து பூநாரைகள் ஏரியில் இறங்கும் மாதங்களில், ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து கார்கள் வரிசைகட்டும். அன்று எண்ணினால் ரோடு பிதுங்கும். எந்த நாளில் எண்ணினோம் என்பதைப் பொறுத்து ஒரே சந்திப்பு இரண்டு சந்திப்பாகிவிடுகிறது.

ஐந்து விபத்து என்ற அளவுகோலும் இருக்கிறதே என்று கேட்கலாம். ‘பதிவான’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கூடை கவிழ்ந்து, கை சிராய்த்து, ஆயிரம் ரூபாய் மீன் மண்ணானால் யார் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறார்கள்? அங்கேயே சண்டை போட்டு, ஐந்நூறு ரூபாயை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, மீதி மீனைப் பொறுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஏட்டில் அந்தச் சந்திப்பு சுத்தமாக இருக்கும்.

அந்த 1.2 மீட்டரையும் விட்டுவிடக் கூடாது. ஏழு மீட்டர் ரோட்டை விதிப்புத்தகத்து மனிதர் ஆறு வினாடிக்குள் கடந்துவிடுவார். சுமையோடு நடக்கும் வயதானவர் வினாடிக்கு 0.8 மீட்டர் நடந்தால் ஒன்பது வினாடி ஆகும். அந்த ஒன்பது வினாடியில், 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற டிரெய்லர் லாரி 150 மீட்டர் வந்துவிடும். ரோட்டில் கால் வைக்கும்போது கண்ணிலேயே படாத லாரி, நடுரோட்டுக்கு வரும்போது எதிரில் நிற்கும். பச்சை விளக்கை ஆறு வினாடிக்கு அமைத்துவிட்டால் சிக்னல் இருந்தும் இதேதான் நடக்கும்.

விதி தப்பு என்று நான் சொல்லவில்லை. தேவையில்லாத இடத்தில் சிக்னல் வைத்தால் வெறும் ரோட்டில் நின்று நின்று சலித்துப்போய் ஜனங்கள் சிவப்பை மதிப்பதையே விட்டுவிடுவார்கள். அதைத் தடுக்கத்தான் இந்த எண்கள். ஆனால் இந்த எண்களை நகரத்தின் கடிகாரத்தை வைத்துப் போட்டிருக்கிறார்கள். ஏரிக்கரையில் கடிகாரம் வேறு.

சவுக்குக் கழியும் இரும்புக் கம்பமும்

சரி, அனுமதி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, கம்பம் எங்கே, எப்படி நிற்கும்?

ரோட்டோரக் கம்பத்தில் விளக்கு 2.4 மீட்டருக்குக் கீழே இருக்கக் கூடாது, 4.6 மீட்டருக்கு மேலே போகக் கூடாது என்பது விதி. ஆனால் டிரெய்லரில் ஏற்றிய கன்டெய்னர் நாலு மீட்டருக்கு மேல் உயரம். அதன் பின்னால் பைக்கில் வருகிறவருக்கு அந்த விளக்கு தெரியவே தெரியாது. முன்னால் லாரி போகிறது, நாமும் போவோம் என்று வந்துவிடுவார். அதனால்தான் லாரி அதிகம் ஓடும் சந்திப்புகளில் கம்பத்திலிருந்து ரோட்டுக்கு மேல் கை நீட்டி, 5.5 மீட்டர் உயரத்தில் விளக்கைத் தொங்கவிடுகிறார்கள். சந்திப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு விளக்கு வைப்பதும் இதற்காகத்தான். நிறுத்தக் கோட்டில் நிற்கிறவருக்குத் தலைக்கு மேலே இருப்பது தெரியாது, எதிரே இருப்பதுதான் தெரியும்.

கை நீட்டிய கம்பத்துக்குக் காற்று எதிரி. இந்தியத் தர நிர்ணயக் கணக்குப்படி சென்னைப் பகுதிக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்று ஒரு சதுர மீட்டர் தகட்டின் மேல் ஏறக்குறைய 150 கிலோ எடையைப் போல அழுத்தும். விளக்குப் பெட்டி சின்னது, தாங்கிக்கொள்ளும். ஆனால் நம் ஊரில் கம்பத்தை யாராவது சும்மா விடுகிறார்களா? காதணி விழா, தலைவர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி. இரண்டு மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் உயரமும் உள்ள ஃபிளக்ஸ் ஒன்றைக் கட்டினால் மூன்று சதுர மீட்டர். புயல் நாளில் 450 கிலோ. இதை எந்த மீனவரிடமும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பாய்மரத்தில் பாயை விரித்துவிட்டு, காற்று ஏன் இழுக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஸ்கூட்டரில் போன இளம்பெண் உயிரிழந்த பிறகு தமிழ்நாடே கொதித்தது. எத்தனை மாதம் கொதித்தது என்பது உங்களுக்கே தெரியும். போக்குவரத்துக் குறியீட்டை மறைக்கிற விளம்பரத்தை அகற்றக் காவல்துறைக்கு அதிகாரம் தருகிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 116-வது பிரிவு. அதிகாரம் புத்தகத்தில் இருக்கிறது, ஃபிளக்ஸ் கம்பத்தில் இருக்கிறது.

காற்று எப்போதாவதுதான் வரும். உப்பு தினமும் வரும். ஏரியில் வலை கட்ட ஊன்றுகிற சவுக்குக் கழியைப் பாருங்கள். முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும் அடிப்பகுதி திடமாக இருக்கும். மேலே காற்றில் நிற்பதும் பரவாயில்லை. தண்ணீர் ஏறி இறங்குகிற மட்டம் இருக்கிறதே, அங்கேதான் இற்றுப்போகும். இரும்புக் கம்பமும் அப்படியே. மண் மட்டத்தில், நனைந்தும் காய்ந்தும் கிடக்கிற ஒரு சாண் உயரத்தில்தான் துரு பிடிக்கத் தொடங்கும். மேலே பெயின்ட் பளபளப்பாக இருக்கும், அடியில் காகிதம் மாதிரி ஆகியிருக்கும். பழவேற்காட்டில் சில அடி தோண்டினாலே உப்புத் தண்ணீர். எனவே கம்பத்தை நேராக மண்ணில் புதைத்தால் ஆயுசு குறைவு. கான்கிரீட் பீடம் போட்டு, தரைக்கு மேலே தட்டு வைத்து போல்ட்டில் முடுக்க வேண்டும். கம்பத்துக்கு உள்ளும் புறமும் துத்தநாகப் பூச்சு வேண்டும். கடலோரக் கான்கிரீட்டுக்கு எம்-30 தரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது இந்தியத் தரம். கடல் தண்ணீர் தெறிக்கிற இடமென்றால் எம்-35. பூந்தமல்லியில் போட்ட டெண்டரையே எடுத்து இங்கேயும் போட்டால் இரண்டு மூன்று மழைக்காலத்துக்கு மேல் தாங்காது.

களஞ்சி, கோரைக்குப்பம் ரோட்டில் இன்னொரு கேள்வியும் உண்டு. அங்கே கம்பம் நிற்கலாம், ரோடு நிற்குமா?

பெட்டிச் செய்தி
லண்டனுக்கு முன் பழவேற்காடு

உலகின் முதல் போக்குவரத்து சிக்னல் 1868 டிசம்பரில் லண்டன் நாடாளுமன்றத்துக்கு வெளியே நின்றது. சிவப்பும் பச்சையும் கேஸ் விளக்குகள். ஒரு போலீஸ்காரர் பக்கத்தில் நின்று கையால் திருப்ப வேண்டும். அடுத்த மாதமே கேஸ் கசிந்து வெடித்து அவருக்கே காயம். திட்டத்தைக் கைவிட்டார்கள். மின்சார சிக்னல் 1914-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வந்தது. நாலு பக்கமும் மூன்று நிறம் காட்டும் விளக்கு 1920-ல் டெட்ராய்ட்டில்.

பழவேற்காடு கலங்கரை விளக்கம் 1859-ல் வந்தது. லண்டன் சிக்னலைவிட ஒன்பது வயது மூத்தது.

கம்பமே இல்லாத சந்திப்பு

சிக்னல் என்றால் என்னவென்று இந்த ஊர்களுக்கு நாம் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. புயல் கூண்டு ஒன்றாம் எண்ணா, மூன்றாம் எண்ணா என்பதை வைத்தே கடலுக்குப் போவதா, வலையை உலர்த்துவதா என்று முடிவெடுக்கிற ஊர்கள். ஶ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்புகிற நாளில் கடலுக்குள் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும், படகு கரையில் நிற்கும். எல்லாமே சிவப்பு விளக்குதான்.

கடலில் இரண்டு படகு குறுக்கே சந்தித்தால் யார் வழிவிடுவது? 1972-ன் சர்வதேசக் கடல் விதிப்படி, உனக்கு வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு நீ வழிவிட வேண்டும். படகின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு. வலப்பக்கமிருந்து உன்னைக் குறுக்கிடுகிற படகு தன் இடப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு வரும், அதாவது உனக்குச் சிவப்பு தெரியும். நீ ஒதுங்கு. இடப்பக்கமிருந்து வருவது பச்சையைக் காட்டும். நீ போ. கம்பம் இல்லை, கரண்ட் பில் இல்லை. ஒவ்வொரு படகும் தன் சிக்னலைத் தானே சுமந்துகொண்டு வருகிறது. சின்ன ஃபைபர் படகில் ஒரு டார்ச் லைட்டே போதும் என்று போகிறவர்களும் உண்டு என்பது வேறு விஷயம்.

வேடிக்கை என்னவென்றால், ரோட்டுக்கும் அதே விதி இருந்தது. சிக்னல் இல்லாத சந்திப்பில், பிரதான சாலையில் போகிறவருக்கு வழிவிடு, மற்ற இடங்களில் உன் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழிவிடு என்று 1989-ல் வந்த சாலை விதிமுறையில் எழுதியிருந்தார்கள். லைசென்ஸ் எடுத்த எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் தெரிந்தது.

ஏரிக்குள் இதைவிடப் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. அதன் பெயர் ‘பாடு’. முகத்துவாரத்தை ஒட்டி எறா கிடைக்கிற நல்ல இடங்களில் எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டினால் யாருக்கும் கிடைக்காது. கோட்டைக்குப்பம் முதலான ஊர்களில் தலைக்கட்டு வாரியாக முறை போட்டு, இன்றைக்கு இந்த இடம் இவர்களுக்கு, நாளைக்கு அவர்களுக்கு என்று பிரித்துக்கொள்வார்கள். முறை மீறினால் ஊர்க் கூட்டத்தில் நிற்க வேண்டும். இதைச் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ‘பாடு’ உரிமை இல்லாத ஊர்களுக்கு இதில் தீராத மனக்குறை உண்டு, சண்டைகளும் நடந்திருக்கின்றன. ஆனாலும் ஒரு சந்திப்பில் யார் முதலில், யார் அடுத்து என்பதை விளக்கில்லாமல் தலைமுறைகளாக நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

அந்த ஒழுங்கு தெரியாதவர்கள் உள்ளே வந்தால் என்ன ஆகும் என்பதையும் இந்த ஏரி பார்த்திருக்கிறது. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் விடுமுறை. சுற்றுலா வந்த குடும்பங்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் அதில். ஏரித் தண்ணீரும் கடல் தண்ணீரும் மோதுகிற முகத்துவாரப் பக்கம் எப்போது போகலாம், எத்தனை பேர் ஏறலாம் என்று காட்ட அன்று எந்த விளக்கும் இல்லை. அதற்குப் பிறகு படகுச் சவாரிக்குத் தடை போட்டார்கள். தடை வந்தது சாவுக்குப் பிறகு. ஐந்து விபத்துக்குப் பிறகு சிக்னல் என்கிற விதியும் அதே வரிசைதான்.

விளக்கா, மேடா?

இனி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பழவேற்காடு பஜாருக்கு மூவண்ண விளக்கு வேண்டாம். அங்கே வண்டியின் வேகத்தைக் குறைத்தால் போதும். ஆயா கடக்கிற இடத்தில் நடைபாதை உயரத்துக்கு ரோட்டையே மேடாக்கி, அதன்மேல் வெள்ளைக் கோடு போட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வேகத்தடை இல்லை நான் சொல்வது. அகலமான, தட்டையான மேடு. டிரைவர் தூங்கினாலும் டயர் அவரை எழுப்பும். கரண்ட் போனாலும் மேடு அணையாது, உப்பு அதை அரிக்காது, ஃபிளக்ஸ் கட்டவும் முடியாது. மேலே ஒரு நல்ல தெருவிளக்கு. சைக்கிளில் மீன் கொண்டுபோகிறவரையும் கூடைக்காரரையும் விடியற்காலையில் காட்ட அது போதும்.

மீஞ்சூர், பொன்னேரி, தச்சூர் பக்கத்துச் சந்திப்புகள் வேறு ஜாதி. அங்கே லாரி நிற்காது, நிற்க வைக்க வேண்டும். கை நீட்டிய கம்பமும் நல்ல பீடமும் இரண்டு பக்க விளக்கும் நடப்பவர்களுக்குத் தனிப் பச்சையும் வேண்டும். அந்தப் பச்சை ஆறு வினாடி இல்லை, பத்து வினாடி. காசு எங்கே என்று கேட்பார்கள். கன்டெய்னரில் போகிற சரக்கின் மதிப்போடு ஒப்பிட்டால் ஒரு சந்திப்புக்கான சிக்னல் செலவு கொசுறு.

நடுவில் இன்னொரு வகை உண்டு. ஊர் எல்லைகளில் நின்று மினுக்குகிற சோலார் பிளிங்கர். இது மலிவு என்பதால் எம்.எல்.ஏ. நிதி, சி.எஸ்.ஆர். நிதி எல்லாவற்றிலும் முதலில் வருவது இதுதான். மினுக்குகிற மஞ்சள் என்றால் வேகத்தைக் குறைத்துப் பார்த்துப் போ. மினுக்குகிற சிவப்பு என்றால் முழுக்க நின்று பார்த்துவிட்டுப் போ. இந்த வித்தியாசத்தை ரோட்டில் யாரும் மதித்து நான் பார்த்ததில்லை. கிளை ரோட்டுக்கு மினுக்கும் சிவப்பும் பெரிய ரோட்டுக்கு மினுக்கும் மஞ்சளும் வைக்க வேண்டிய இடத்தில், நாலு பக்கமும் மஞ்சளையே வைத்துவிட்டுப் போகிறார்கள். நாலு பேரும் ‘பார்த்துப் போ’ என்றால் யார் நிற்பது?

அணைந்த விளக்கு

என் வீட்டுப் பக்கத்துச் சந்திப்பு ஒன்றைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். மந்திரி வந்து பட்டன் அழுத்தித் திறந்த சிக்னல். முதல் மழைக்கு ஒரு பக்கம் அணைந்தது. அணைந்த பக்கத்துக்காரர்கள் எப்போதுமே தங்களுக்குப் பச்சை என்று எடுத்துக்கொண்டார்கள். மற்ற மூன்று பக்கத்துக்காரர்கள் தங்கள் பச்சையை நம்பி வந்தார்கள். சிக்னலே இல்லாத காலத்தில் எல்லோரும் பயந்து மெதுவாக வந்த இடம் அது. கம்பத்தில் ஒரு போன் நம்பர் எழுதியிருந்தது. போட்டால் அந்த எண் உபயோகத்தில் இல்லை.

2016 டிசம்பர் 12-ல் வார்தா புயல், 2023 டிசம்பரில் மிக்ஜாம். இரண்டு முறையும் வட சென்னையிலும் திருவள்ளூர் கரையோரத்திலும் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. எல்லா சிக்னலும் கண்ணை மூடிக்கொண்டது அப்போதுதான். பால், தண்ணீர், ஆம்புலன்ஸ் வண்டிகள் ரோட்டில் முட்டிக்கொண்டதும் அப்போதுதான். ஏரிக்கரையில் வைக்கிற எந்த விளக்குக்கும் பேட்டரி இருக்க வேண்டும், அந்த பேட்டரியை மாற்ற ஆள் இருக்க வேண்டும். சோலார் தகட்டில் படிகிற உப்பைத் துடைக்க ஒரு கை வேண்டும். டெண்டரில் கம்பத்தின் விலை இருக்கும். துடைக்கிற கையின் கூலி இருக்காது.

கலங்கரை விளக்கம் இத்தனை ஆண்டுகளாக அணையாமல் இருப்பதற்குக் காரணம் அதன் கண்ணாடி மட்டுமில்லை. ராத்திரி அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். சிக்னலை மின்வாரியம், நெடுஞ்சாலைத் துறை, காவல்துறை, ஊராட்சி என நாலு பேர் பார்த்துக்கொள்கிறார்கள். நாலு பேர் பார்த்துக்கொள்கிற மாடு பட்டினியாகத்தான் கிடக்கும்.

ஆட்சியர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. ஆனால் பழவேற்காட்டிலிருந்து திருவள்ளூர் போய் வர ஒரு நாள் தொழில் போய்விடும். அதைவிடப் பக்கத்தில் இருப்பது கிராம சபை. குடியரசு தினம், மார்ச் 22, மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஏரிக்கரை ஊராட்சிகளில் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபையில் ‘சிக்னல் வேண்டும்’ என்று ஒற்றை வரித் தீர்மானம் போடாதீர்கள். ‘எங்கள் சந்திப்பில் தடைக்காலம் இல்லாத ஒரு நாளில், விடியற்காலை நான்கு மணிக்கே வந்து ஆளையும் வண்டியையும் எண்ணுங்கள். கூடையோடு கடக்கிறவர்களைத் தனியாக எண்ணுங்கள். விளக்கோ மேடோ எது வந்தாலும், அதைப் பார்த்துக்கொள்கிறவரின் பெயரையும் போன் நம்பரையும் அங்கேயே எழுதிவையுங்கள்’ என்று போடுங்கள். எண்ண வருகிறவர்களுக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுங்கள். பஜார் டீக்கடை நாலரைக்கெல்லாம் திறந்துவிடுகிறது.